13 சுற்றா, 14 சுற்றா

எங்கள் மாருதி எஸ்டீம் கார், மாமா சவுதியிலிருந்து திரும்பிய 2002-இல் வாங்கியது. டிஎன் 65 எண், வெள்ளை நிறம். கீழக்கரையில் அவர் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் பல வருடம் நின்றுவிட்டு எனக்கு வந்தது. பார்த்தால் ஓய்வு பெற்ற வங்கி மேலாளரின் வண்டி மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது ஜி13பிபி இன்ஜின்: 1298 சிசி, 16 வால்வு, 85 குதிரைத்திறன். வண்டியின் எடை 900 கிலோவுக்கும் குறைவு. இந்திய ராலிகளில் இந்த வண்டி வருடக்கணக்கில் புழுதி கிளப்பியது சும்மா இல்லை. இரண்டு பேர் உட்காரும் கூரையில்லாத கார் வாங்க வழியில்லாத எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் ஸ்போர்ட்ஸ் கார்.

என் தேவை இரண்டு. வாரம் ஆறு நாள் உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போய்வர வேண்டும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோய், அந்த 2.1 கிலோமீட்டர் வட்டத்தில் மனம்போல் ஓட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே வண்டி. பாகம் தேர்ந்தெடுப்பதில் வந்த சண்டையெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

முதலில் நோட்டில் எழுதிய பட்டியல் இது: பழைய மாருதி பலேனோவின் ஜி16பி இன்ஜின், பெரிய கேம் (வால்வைத் திறந்து மூடும் தண்டு), கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், நாலு குழாய் ஒன்றாகச் சேரும் எக்ஸாஸ்ட், ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழலாமல் தடுக்கும் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், எடை குறைத்த ஃப்ளைவீல். கடைசியில் இதில் ஒன்றுகூட வண்டியில் ஏறவில்லை.

காசைச் செலவழிக்கும் முன் இருப்பதை அளந்து பார்க்கலாம் என்று, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வாங்கினேன். இன்ஜினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து செல்ஃப் அடித்ததில் ஒன்றாவது சிலிண்டர் 170 பிஎஸ்ஐ, இரண்டாவது 168, மூன்றாவது 118, நாலாவது 165. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். 126-க்குத்தான் ஏறியது. பிஸ்டன் ரிங் தேய்மானமாக இருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து முள்ளை நன்றாகத் தூக்கிவிட்டிருக்கும். அப்படி நடக்காததால் காற்று மேல்பக்கம் எங்கேயோ போகிறது, வால்வு வழியாக அல்லது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கட் வழியாக. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த சிலிண்டருக்குக் கம்ப்ரஸர் காற்று கொடுத்தோம். தண்ணீரில் குமிழி வந்தது. கேஸ்கட்தான்.

ஹெட்டைக் கழற்றியதும் காரணமும் தெரிந்தது. மூன்றாவது சிலிண்டருக்குப் பக்கத்தில் தண்ணீர் போகும் துளையின் விளிம்பை எலி கடித்த மாதிரி அரித்திருந்தது. துளைகளுக்குள் வெள்ளையும் பழுப்புமாக உப்புப் பொருக்கு. இத்தனை வருடம் ரேடியேட்டருக்குள் போனது எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீர். குளித்தால் சோப்பு நுரைக்காத தண்ணீரை அலுமினியத்துக்குக் கொடுத்தால் வேறென்ன ஆகும்? போதாக்குறைக்கு ஏதோ ஒரு மெக்கானிக், வண்டி சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்திருந்தார். அந்த வைத்தியம் எங்கள் ஊரில் இன்றும் நடக்கிறது. இன்ஜின் உரிய சூட்டுக்கே வராது, எரிபொருள் கூடுதலாகப் போகும், சிலிண்டர் தேயும். சிலிண்டர் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்துப் பார்த்ததில் தேய்மானமும் அளவைத் தாண்டித்தான் இருந்தது. ஆக, சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடையும் ரீபோர் கட்டாயம்.

இதெல்லாம் ஏப்ரல் மூன்றாவது வாரத்தில். யோசிக்காமல் பிரித்துப் போட்டுவிட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன், ராமேசுவரம் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும்; இன்ஜின் வேலை, தண்டு வேலை, புரொப்பெல்லர் வேலை எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். ராமநாதபுரத்து போரிங் பட்டறையில் என் பிளாக்கைப் பார்த்துவிட்டு, "படகு வேலை முடியட்டும்ப்பா, ஜூன் கடைசில வா" என்றார்கள். சோற்றுக்கு ஓடும் இன்ஜினும் ஆசைக்கு ஓடும் இன்ஜினும் ஒரே வரிசையில் நின்றால் எது முன்னால் போக வேண்டும் என்று எனக்கும் தெரியும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த இரண்டு மாதம் சும்மா இருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. உடனே வேலை நடந்திருந்தால் பழைய பட்டியலையே வாங்கிக் குவித்திருப்பேன்.

முதலில் போனது ஜி16பி. ஜி13பிபியின் போர் (சிலிண்டர் விட்டம்) 74 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5. ஜி16பியில் போர் 75, ஸ்ட்ரோக் 90, 1590 சிசி. கூடுதல் கொள்ளளவு கிட்டத்தட்ட முழுக்க ஸ்ட்ரோக்கில் இருந்து வருகிறது. இழுவை நன்றாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் வண்டி சாலையில் ஓடும் வண்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. இன்ஜினை மாற்றினால் அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். சிசியே மாறினால் ஆர்டிஓ அலுவலகத்தில் என்ன கேட்பார்கள், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் என்ன சொல்வார் என்று இரண்டு இரவு யோசித்தேன். 15 வருடம் தாண்டிய வண்டி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்கு நிற்க வேண்டும். பிளாக்கில் அடித்த எண் ஆர்.சி.யில் உள்ள எண்ணாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

பிஸ்டன் 0.5 மில்லி ஓவர்சைஸ். போர் 74.5 ஆகும்போது 1298 சிசி 1316 ஆகும். 18 சிசி! அரை டம்ளர் டீகூட இல்லை. இதைப் போய் அப்கிரேட் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. தேய்ந்ததைச் சரிசெய்தேன், அவ்வளவுதான். அரித்த இடத்தை மதுரையில் டிக் வெல்டிங்கில் நிரப்பி, ஹெட்டை 0.2 மில்லி தட்டையாக்கினோம். வெல்டிங்குக்கு முன் ஹெட்டை நன்றாகக் கழுவி, சூடேற்றித்தான் தொட வேண்டும். உப்பு ஊறிய அலுமினியம் பொரிந்து பொரிந்து துளை விழும். அந்த வெல்டர் ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டார்; கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

இதற்கிடையே மண்டபத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போக ஆரம்பித்தேன். பட்டறைக்காரர் வள்ளங்களுக்கும் விசைப்படகுகளுக்கும் தண்டு கடைந்து கொடுப்பவர். தெர்மோஸ்டாட் கூட்டில் ஒரு ஸ்டெயின்லெஸ் போல்ட் திருகும்போதே முறிந்து, அடிப்பாதி உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதை எடுத்துத் தரத்தான் போனேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல யாரு தம்பி சில்வர் போல்ட் போட்டது?" என்றார்.

"துருப்பிடிக்காதுன்னு போட்டிருப்பாங்கண்ணே."

"அது பிடிக்காது. பக்கத்துல இருக்கறதத் தின்னுரும். படகுக்கு அடியில துத்தநாகக் கட்டி எதுக்கு வைக்கிறோம்? புரொப்பெல்லரத் திங்காம கட்டியத் தின்னட்டும்னுதான? உன் வண்டில கட்டி இல்ல. அலுமினியந்தான் கட்டி."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பு ஈரமும் இருந்தால், ஒன்று கரைந்து மற்றதைக் காக்கும். கரைவது அலுமினியம். அன்றோடு ஸ்டெயின்லெஸ் போல்ட் வண்டியில் இருந்து போனது. துத்தநாகப் பூச்சு உள்ள சாதாரண ஸ்டீல் போல்ட், மரையில் ஆன்டி-சீஸ் களிம்பு, வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பூட்டுவது என்று வைத்துக்கொண்டேன். களிம்பு தடவிய போல்ட்டை அதே டார்க் (முறுக்குவிசை) அளவில் இறுக்கினால் கூடுதலாக இறுகிவிடும் என்பதால் அளவைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஹெட் போல்ட்டுக்கு மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம், கம்பெனி சொன்னபடிதான்.

ஃப்ளைவீலையும் அவரிடம்தான் காட்டினேன். விளிம்பில் இரண்டு கிலோ குறைத்துக் கடைந்து தர முடியுமா என்று கேட்டேன். "வார்ப்பிரும்பு தம்பி. ஆறாயிரம் சுத்து சுத்துறது. உடைஞ்சா கால்ல வந்து நிக்கும். நான் கடைய மாட்டேன், கடையிறவன்கிட்டயும் போகாத" என்றார். வேலை வேண்டாம் என்று சொல்லும் தொழிலாளியின் பேச்சை நான் தட்டுவதில்லை.

கேம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஆசைப்பட்டேன். கோவையில் ராலி வண்டி கட்டும் பட்டறைகளில் கேம் கடைந்து தருவார்கள். வால்வு அதிக நேரம் திறந்திருக்கும் கேம் போட்டால் மேல் சுழற்சியில் பறக்கும், கீழே மூச்சு வாங்கும். இந்த இன்ஜின் உள்ளே வரும் காற்றை இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகிறது. பெரிய கேமில் ஐடிலில் அந்த அழுத்தம் ஆடும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ குழம்பும், பாம்பன் பாலத்தில் சுற்றுலா வண்டிகள் நின்று நின்று போகையில் என் வண்டி இருமிக்கொண்டே நிற்கும். கடைசியில் கம்பெனி கேமையே வைத்து, டேப்பட் இடைவெளியைச் சரியாக வைத்தேன். கேமுக்கு ஒதுக்கிய காசு ரேடியேட்டருக்குப் போனது. அலுமினிய உடலும் பிளாஸ்டிக் டேங்கும் சேர்ந்த ரேடியேட்டர்தான் லேசு, மலிவும்கூட. நான் செம்பு-பித்தளைக் கோர் போட்டுக் கட்டச் சொன்னேன். ஓட்டை விழுந்தால் எந்த ஊரிலும் ஈயம் வைத்து அடைக்கலாம். கலந்தே விற்கும் கூலன்ட்டைத் தவிர ஒரு சொட்டு ஊர்த் தண்ணீர் இனி உள்ளே போகாது. 82 டிகிரி தெர்மோஸ்டாட் மறுபடி இருக்கையில் அமர்ந்தது.

கூம்பு ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தனுஷ்கோடிச் சாலையில் மணல் பாம்பு மாதிரி குறுக்கே ஓடுவதைப் பார்த்தவர்கள் யாரும் அதை வாங்க மாட்டார்கள். மேலும் அது பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் இழுக்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. சத்தம் கூடும், பலம் கூடாது. கம்பெனிப் பெட்டி, காகித ஃபில்டர், அதற்கு வெளியிலிருந்து காற்று வரும் குழாயில் இருந்த கிழிசலை மாற்றியது. அது போதும்.

எக்ஸாஸ்ட்டில், நாலு குழாயும் நேரே ஒன்றாகாமல் முதலில் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் 4-2-1 அமைப்பு. நடுச் சுழற்சியில் உதவும். கேட்டலிடிக் கன்வர்ட்டரை எடுக்கவில்லை. பெட்ரோல் குழாய்களை எல்லாம் மாற்றினேன். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. மேலே ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கும் குழாயாகப் பார்த்து வாங்க வேண்டும். மீட்டருக்கு விலை கேட்டால் மயக்கம் வரும், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

இனி கியர்பாக்ஸ்.

கணக்கு போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். கியர்பாக்ஸில் சக்கரத்துக்கு முன் வரும் கடைசிப் பல்சக்கர ஜோடிதான் ஃபைனல் டிரைவ். என் பெட்டியில் அதன் சின்னச் சக்கரமான பினியனில் 19 பல், பெரிய சக்கரமான கிரவுன் வீலில் 72 பல். விகிதம் 3.789. இதே குடும்பத்துப் பெட்டிகளில் 19-க்கு 78 வரும் ஜோடியும் உண்டு, 4.105. 4.105-ஐ 3.789-ஆல் வகுத்தால் 1.083. அதாவது எந்த கியரில் இருந்தாலும் சக்கரத்துக்குப் போகும் திருகுவிசை 8 சதவீதம் கூடும். இன்ஜினின் குதிரைத்திறன் கூடாது; ஆனால் அதே கியரில் இழுவை, 85 குதிரைத்திறனில் 8 சதவீதம், அதாவது ஏறக்குறைய 7 கூடின மாதிரி இருக்கும். கேமும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட சுழற்சியில் மட்டும் தரும் லாபத்தை, இது எல்லாச் சுழற்சியிலும் தருகிறது. இன்ஜினில் கை வைக்காமல், ஆர்.சி.யைத் தொடாமல்.

இழப்பு என்ன? 175/70 ஆர்13 டயருக்குச் சக்கரச் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். ஐந்தாவது கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் முன்பு நிமிடத்துக்குச் சுமார் 2115 சுழற்சி, இனி 2290. காதுக்குத் தெரியும், பர்ஸுக்கு அவ்வளவாகத் தெரியாது. இரண்டாவது கியரில் 6500 சுழற்சிக்கு முன்பு 98 கிலோமீட்டர் வேகம் வரை போகும், இனி 90. செட்டிப்பாளையத்தின் வளைவுகளுக்கு அதுவே தோது.

சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடையில் ஃபோனிலேயே பேசி, "குட்டை ரேஷியோ சார், கேரண்டி" என்ற வாக்கை நம்பிப் பதினாறாயிரம் அனுப்பினேன். லாரி பார்சலில் வந்தது. சாக்கைப் பிரித்து, பெட்டியைப் பிளந்து எண்ணினால், 72 பல். என்னிடம் இருக்கும் அதே பெட்டி, இன்னும் கொஞ்சம் தேய்ந்தது. ஃபோன் போட்டால் "நீங்க மாத்தி வெச்சிருப்பீங்க" என்று பதில். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாக்கை மட்டும் உதறி மடித்து எடுத்துக்கொண்டு போனார், மாட்டுத் தீவனத்துக்கு ஆகும் என்று.

பிரிக்காமலே கண்டுபிடிக்கும் வழியை லேத் அண்ணன் பட்டறையில்தான் யோசித்துப் பிடித்தோம். பெட்டியை முதல் கியரில் போடுங்கள். டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இரண்டு பக்கத்தில் ஒன்றை ஆடாமல் பிடிக்க ஒரு ஆள். மறுபக்கத்தில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு, இன்புட் தண்டைக் கையால் சுற்றுங்கள். ஒரு பக்கம் பூட்டியிருந்தால் டிஃபரன்ஷியல் ஒரு சுற்று வரும்போது மறுபக்கம் இரண்டு சுற்று வரும். ஆகவே கோடு இரண்டு முறை பழைய இடத்துக்கு வரும்வரை இன்புட்டை எத்தனை முறை சுற்றினோம் என்று எண்ணினால் அதுதான் முதல் கியரின் மொத்த விகிதம். முதல் கியர் 3.416. அதை 3.789-ஆல் பெருக்கினால் 12.94. 4.105-ஆல் பெருக்கினால் 14.02. பதின்மூன்று சுற்று வந்தால் காசைப் பையிலேயே வையுங்கள். பதினான்கு வந்தால் பேரம் பேசுங்கள்.

அடுத்த முறை நானே மதுரைக்குப் போனேன். மூன்று கடை, நாலு பெட்டி. கடைக்காரர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். ஒரு கடைப் பையன் மட்டும் ஆர்வமாக மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே சத்தமாக எண்ணினான். நாலாவது பெட்டியில் "பதிமூணு... பதினாலு!" என்று அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அவனுக்கு அது எதற்கு என்றே தெரியாது. பதினெட்டாயிரம் கேட்டு, பதினான்கரையில் முடிந்தது. அதில் இரண்டாவது கியரின் சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை வளையம்) தேய்ந்திருந்தது. முதலில் ஏமாந்து வாங்கிய பெட்டியில் அது நன்றாக இருந்தது, எடுத்துப் போட்டோம். அந்தப் பதினாறாயிரத்துக்குக் கிடைத்த ஒரே பலன்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. கிளட்ச் கம்பெனி அளவு, ஆர்கானிக் பிளேட்; பீங்கான் பட்டை வைத்தது நெரிசலில் குதிக்கும். லிமிட்டட் ஸ்லிப் வாங்கக் காசு இல்லை என்பதே உண்மை. கியர் ஆயில் ஜிஎல்-4. ஜிஎல்-5 பெரிய எண்ணாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சின்க்ரோவுக்கு ஆகாது.

ஜூலை இரண்டாவது ஞாயிறு இன்ஜின் உயிர் பெற்றது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டினேன். கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் 180-ஐ ஒட்டி, நான்குக்குள் வித்தியாசம் 4 பிஎஸ்ஐ. ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமோ என்று பயந்தேன். ஃபோனில் ஜிபிஎஸ் வைத்துப் பார்த்தால் முன்பு இருந்த வித்தியாசமே இருந்தது. இந்தப் பெட்டியில் ஸ்பீடோமீட்டர் கம்பி டிஃபரன்ஷியல் பக்கத்தில் இருந்து வருவதால் ஃபைனல் டிரைவ் மாறியது அதற்குத் தெரியவில்லை. மூன்றாவது கியரில் 40-இலிருந்து 80 போக முன்பு ஒன்பது வினாடிக்கு மேல். இப்போது ஏழரைக்குச் சற்று மேலே. இதில் எவ்வளவு புது ரிங்குக்கு, எவ்வளவு பல்லுக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் முன்பு பாலத்து ஏற்றத்தில் எதிர்க்காற்றில் நாலாவதிலிருந்து மூன்றாவதுக்கு இறக்க வேண்டியிருந்த இடத்தில், இப்போது நாலாவதிலேயே ஏறுகிறது.

இடது பக்க டிரைவ் ஷாஃப்ட் சீலில் ஆயில் கசிகிறது. சீல் புதிது, ஷாஃப்ட்டில்தான் ஒரு வரி விழுந்திருக்கிறது. லேத் அண்ணனிடம் காட்டினேன். மெல்லிய ஸ்லீவ் ஒன்று கடைந்து ஏற்றலாம் என்றார். எப்போது என்று கேட்டேன்.

"இப்ப படகெல்லாம் கடல்ல இருக்கு. நாளைக்கே கொண்டா."